உப்பளப் பாடம் நடத்திய நாள்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் டீச்சராகச் சேர்ந்தேன். முதல் நாளே வருடப் பாடத்திட்டத்தையும் வகுப்பு விதிகளையும் சுவரில் ஒட்டினேன். தாமதமாக வந்தால் பீரியடு முடியும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பது முதல் விதி. அதிகம் நின்றவள் செல்வி. ஏன் தாமதம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

‘மக்களும் தொழிலும்’ பாடத்தில் உப்பளம் வந்தது.

“உப்பளத்தில் ஏன் விடியுமுன்னே வேலை தொடங்குகிறார்கள்?” என்று கேட்டேன். டவுன் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். வாசலுக்கு வெளியே நின்ற செல்விதான் சொன்னாள்.

“வெயில் ஏறுனா உப்பைப் பாக்க முடியாம கண்ணு கூசும் டீச்சர். அதான் நானும் அம்மாவும் இருட்டோட போயி வாரிட்டு வாரோம்.”

அவள் பாதங்களில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

“உள்ளே வாம்மா” என்றேன்.

“பீரியடு இன்னும் முடியலையே டீச்சர்” என்றாள், கோபமே இல்லாமல்.

கோபப்பட்டிருந்தால் இத்தனை வருடம் உறுத்தியிருக்காது.