மூன்று வளையமும் ஒரு சொல்லும்

என் மச்சினனுக்கு வலது முழங்கை நீளாது. கையைத் தோளுக்கு மேலே தூக்கவும் வராது. குற்றாலத்தில் டீக்கடை வைத்திருப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. முன்பு அவன் டீ ஆற்றுவதை அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துண்டோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலேயே ஆற்றி முடித்துவிடுகிறான். நுரை வருவதில்லை. அவன் கை அப்படி ஆனதற்கு நான் காரணம். நான்கு மாதம் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் என்பது அதைவிட மோசம்.

அவன் என் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது. ஒரு பெண் குழந்தை. நான் வளைகுடாவில் பதினான்கு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்து, தென்காசியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் தொழில். அங்கே இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் உப்பளத்துப் பக்கம் போவோம். வெள்ளைக்காரர்கள் மூன்று சக்கர வண்டியில் மல்லாந்த மாதிரி உட்கார்ந்து, கட்டில் அளவு பட்டத்தின் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கத் தரையில் பறப்பார்கள். இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. எனக்கு அது பித்தாகவே பிடித்துவிட்டது. அவர்களில் ஊர் திரும்புகிற ஒருவரிடம் பழைய பட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். ‘ஊர்ல அவனவன் கம்பளியும் சென்ட்டும் கொண்டு வாரான், இவுக பட்டம் கொண்டு வந்திருக்காக’ என்று என் மனைவி சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். சிரிக்காமல் பட்டத்தை விரித்துப் பார்த்தவன் மச்சினன் ஒருவன்தான்.

சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிழக்கே ஒரு குளம் இருக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, மழையைக் குற்றாலத்தோடு இறக்கிவிட்டு வெறுங்கையாகத்தான் இங்கே வரும். ஐப்பசி மழை வரைக்கும் குளம் காய்ந்து கிடக்கும். ஒரு ஓரத்தில் உடைமரம், நடுவெல்லாம் வெடித்த மண், மறுகோடியில் மடையின் கல் சுவர். வண்டி ஓட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தோம். கேட் பைப்பை வளைத்து, ஸ்கூட்டர் டயர் மூன்றைப் போட்டு வண்டியைச் செய்தேன். அது இரண்டு நாள் வேலை. பட்டத்தைக் கழற்றுகிற வழிக்குத்தான் ஒரு மாதம் ஆனது.

ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஆபத்து வண்டியில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. காற்று திடீரென்று கூடினால் பட்டம் ஆளையே தூக்கும். அந்த நிமிஷத்தில் இடுப்புக் கொக்கியிலிருந்து பட்டத்தை அவிழ்த்துவிட வேண்டும். முதலில் ஒரு பின் போட்டேன். பின்னின் தலையில் சிவப்பு உருண்டை. இழுத்தால் பின் வெளியே வரும், கொக்கி திறக்கும். கையில் வைத்து இழுத்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. பட்டறை செயின் பிளாக்கில் இரண்டு சிமென்ட் மூட்டையைத் தொங்கவிட்டு அதே பின்னை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், காலை உதைத்து இழுத்தேன். பாரம் இல்லாதபோது திறக்கிறது, பாரம் ஏறினால் கடித்துக்கொள்கிறது. பாரம் ஏறும்போதுதானே அது திறக்க வேண்டும்?

பிறகு மூன்று வளையத்துக்கு வந்தேன். பெரியது, நடுத்தரம், சின்னது. ஒன்றுக்குள் ஒன்று மடங்கி உட்காரும். ஒவ்வொரு வளையமும் பாரத்தில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குக் கொடுக்கும். கடைசியில் ஒரு மெல்லிய கயிற்று வளையம் மட்டும் எல்லாவற்றையும் பிடித்து நிற்கும். சிவப்பு உருண்டையை இழுத்தால் அந்தக் கயிறு விடுபடும், மூன்றும் சரசரவென்று கழன்றுவிடும். இரண்டு மூட்டையோடு ஒரு விரலால் திறந்தது. ஈரக்கையால் இழுத்தேன், திறந்தது. குளத்து மண்ணை அள்ளி வளையத்தில் தேய்த்துவிட்டு இழுத்தேன். இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கவிட்டு. எல்லாவற்றுக்கும் திறந்தது. மச்சினனையும் நூறு தரம் இழுக்க வைத்தேன். பட்டறைக்கு கிரில் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு. சோதிக்காத ஒன்று பாக்கி இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

ஒருவன் ஓட்டும்போது ஒருவன் கரையில் நிற்பான். ஓட்டுகிறவனுக்குப் பட்டத்தைப் பார்ப்பதற்கே நேரம் போதாது. கரையில் நிற்பவனுக்குத்தான் மேற்கே பனைகள் சாய்வதும் புழுதி கிளம்புவதும் தெரியும். பெரிய காற்று வருகிறது என்றால் அவன் கத்த வேண்டும், கேட்டதும் ஓட்டுகிறவன் சிவப்பு உருண்டையை இழுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. என்ன சொல்லிக் கத்துவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நூறு தரம் இழுத்துப் பார்த்தவர்கள் ஒரு தரம் கத்திப் பார்க்கவில்லை.

அன்று ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் மச்சினன் கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். நான் கரையில் போனை ஒரு கம்பியில் கட்டி வீடியோ ஓடவிட்டிருந்தேன். முதலில் காற்று மந்தமாக இருந்தது. வண்டி ஊர்ந்தது. அவன் பயந்து பயந்து பட்டையை இழுக்கிறான் என்று எனக்கு எரிச்சல். பட்டத்தின் கயிறுகள் வந்து முடிகிற கைப்பிடிதான் பட்டை; அதைத் தன் பக்கம் இழுத்தால்தான் பட்டம் வேகம் பிடிக்கும்.

“ஏலே, விடுலே! நல்லா விடு!” என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே இழுத்தான். வண்டி பாய்ந்தது. போகிற வழியில் கையை உயர்த்திக் காட்டினான்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே புழுதி எழுந்தது. பனைகள் மொத்தமாகச் சாய்ந்தன. அவன் மடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்.

“விடு! விடுலே! விடு!” என்று கத்தினேன்.

அவன் பட்டையை நெஞ்சோடு சேர்த்து இழுத்தான். பட்டம் ஒரு தரம் உறுமியது. வண்டி அவனுக்குக் கீழே தனியாக நின்றுவிட்டது. அவன் இரண்டு ஆள் உயரம் போய் மடைச் சுவரில் வலது பக்கமாக விழுந்தான். நான் ஓடிப்போய் சிவப்பு உருண்டையை இழுத்தேன். பட்டம் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு விரலில் திறந்தது.

ஆஸ்பத்திரியில் என் மனைவி கேட்டாள். அவள் அப்பா, என் மாமா, கேட்டார். “நான் கத்தினேன். அவன் உருண்டையை இழுக்கல” என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்போது நான் அதைத்தான் நம்பவும் செய்தேன். இவ்வளவு நன்றாகச் செய்து கொடுத்தும் இழுக்காமல் இருந்துவிட்டானே என்று உள்ளுக்குள் கோபம்கூட இருந்தது. அவன் கையில் கம்பி வைத்துத் தைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள், எனக்குக் கோபம்.

மயக்கம் தெளிந்தபோது அவனுக்கு விழுந்தது ஞாபகம் இருந்தது, அதற்கு முந்தின நிமிஷம் ஞாபகம் இல்லை. “அத்தான் கத்துனாகளாமே, நான் ஏன் இழுக்கல?” என்று அவனே கேட்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பயந்துட்டேன் போலிருக்கு” என்றும் அவனே சொல்லிக்கொண்டான். மாமா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் கிணற்றில் குதிக்க மாட்டான், ராட்டினத்தில் ஏற மாட்டான் என்று பழைய கதைகள் வெளியே வந்தன. பயந்தாங்கொள்ளி என்று யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த வாரம் பட்டறையில் தனியாக இருக்கும்போது வீடியோவைப் பார்த்தேன். அவன் எந்த இடத்தில் தப்பு செய்தான் என்று பார்க்கத்தான் எடுத்தேன். காற்று இரைச்சலுக்கு நடுவே என் குரல் மட்டும் பக்கத்தில், தெளிவாகக் கேட்டது. முதலில் “விடுலே, நல்லா விடு.” அவன் பட்டையை இழுக்கிறான், பாய்கிறான். பிறகு “விடு, விடுலே, விடு.” அவன் பட்டையை இழுக்கிறான். இரண்டும் ஒரே வாய், ஒரே வார்த்தை. அவன் பயப்படவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தான். பட்டம் விடுவது என்கிறோம், வண்டியை வேகமாக விடு என்கிறோம், பிடித்ததை விடு என்கிறோம். காதை மூடிய ஹெல்மெட்டோடு காற்றில் போகிறவன் இதில் எதை எடுத்துக்கொள்வான்? சற்று முன்னால் நானே சொல்லிக் கொடுத்ததைத்தானே?

இரண்டாம் தரம் பார்க்கவில்லை. வீடியோவை அழித்தேன். யோசித்து அழித்தேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் அழித்தேன் என்றும் சொல்ல முடியாது. கை போய் அழித்துவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை என்ன தானாகவா போகும்? யாராவது கேட்டுவிடக் கூடாது என்று பயந்தேன். பயந்தவன் நான்.

அதற்குப் பிறகு சொல்லலாம் சொல்லலாம் என்று நாள் போயிற்று. கட்டு பிரிக்கட்டும், சொல்லலாம். கைப்பயிற்சி முடியட்டும், சொல்லலாம். கை நீளாது என்று டாக்டர் சொன்ன அன்று எப்படிச் சொல்வது? வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். தம்பிக்காக வருத்தப்படுகிறேன் என்று என் மனைவி நினைத்து இன்னும் அன்பாக இருந்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாகக் குற்றாலத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன். கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் அவன் கையைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவன் டீயை இடது கையால் நீட்டிக்கொண்டே கதையைச் சொன்னான். “சாமி, அதுல பாருங்க, எங்க அத்தான் ஒண்ணு செஞ்சிருந்தாக. மூணு வளையம். ஒத்த விரல் போதும், ரெண்டு மூட்டை சிமென்டு விழுந்துரும். எங்க அத்தான் மூளைக்கு இங்கன இருக்க வேண்டிய ஆளே இல்ல. நான்தான் பயந்துபோய் இழுக்காம இருந்துட்டேன்.” என்னைக் காட்டினான். அந்தச் சாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்றே சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். மாமா, என் மனைவி, மச்சினன், அவன் பெண்டாட்டி எல்லாரும் இருந்தார்கள். வேகமாகப் போகச் சொன்னதும் கழற்றச் சொன்னதும் ஒரே வார்த்தை என்று சொன்னேன். அவன் பயப்படவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

மாமாதான் முதலில் கேட்டார்.

“இது எப்பம் தெரிஞ்சுது மாப்ள உங்களுக்கு?”

“அடுத்த வாரமே மாமா. வீடியோல கேட்டுச்சு.”

“அதக் கொஞ்சம் போடுங்க, பாப்போம்.”

“அழிச்சுட்டேன்.”

மாமா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. “நாலு மாசம் கழிச்சு, இவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழியைத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிடுதாக. இப்படி ஒரு மருமவன் யாருக்கு வாய்க்கும்?” என்றார். மகன் பக்கம் திரும்பி, “பாத்துக்கோலே” என்றார்.

“இல்ல மாமா, நெசமாத்தான்” என்றேன். “சரி சரி, சாப்பிடுங்க” என்றார். என் தட்டில் இன்னொரு துண்டு மீன் விழுந்தது. என் மனைவி மட்டும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல நான் பெரிய மனுஷனாகிக்கொண்டே போனேன். தலையைக் குனிந்து மீனைத் தின்றேன்.

கிளம்பும்போது மச்சினன் வாசல் வரைக்கும் கூட வந்தான். மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள்.

“அத்தான், நீங்க சொன்னது நெசமா? இல்ல எனக்காகச் சொன்னியளா?”

“நெசம்லே. நீ பயப்படல. ஒரு நிமிஷம்கூடப் பயப்படல.”

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த முந்தின நிமிஷத்தைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அது அவனிடம் இல்லை. என்னிடம் இருந்தது, நான் அழித்துவிட்டேன். பிறகு அவன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க நல்லவுக அத்தான்” என்றான்.