இறங்கித் தள்ளும் தூரம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். பிரான்சில் வேலை பார்த்த நாங்கள் நால்வர் விடுமுறைக்குச் சொந்த ஊரான பாகூர் வந்திருந்தோம். ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்கப் பணம் திரட்ட, பிரான்சைச் சைக்கிளில் கடப்பதாகத் திட்டம், போட்டது நான். யாருக்கும் நெடுந்தூரப் பழக்கமில்லை. பயிற்சிக்கு எங்களூரில் இருந்த ஒரே மேடு ஏரிக்கரைதான்.

அதில் ஏறும்போது, எங்கள் நால்வரில் ஒருவரான ஆரோக்கியம் மறுபடியும் சைக்கிளோடு விழுந்தார். முந்தைய விடுமுறையில், வண்டி கிடைக்காமல் பிரசவ வலியிலேயே மனைவியை இழந்தவர்.

"இந்தக் கரையே ஏற முடியல. அங்க மலையே இருக்குப்பா. வுட்டுடலாம்," என்றேன்.

மண்ணைத் தட்டியபடி எழுந்தார். "அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கின்னு அவள சைக்கிள் கேரியர்ல ஒக்கார வெச்சி அரியாங்குப்பம் வரிக்கும் அவ்ளோ தூரம் தள்ளினு போனேன். மலைன்னா எறங்கித் தள்ளுறேன். இன்னா இப்ப?"

வீடு திரும்பியதும் வரைபடத்தில் மலைப்பகுதிக்குக் கூடுதல் நாட்கள் ஒதுக்கினேன். தள்ளிக்கொண்டும் போகலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.