காய்க்காத தேசிமரம்

இன்று மோருக்கு எலுமிச்சை இலையை, எங்கள் பேச்சில் தேசி இலையை, கசக்கியபோது எழுந்த வாசம், இப்போது லொறிகள் நிறுத்தும் இடமாகிவிட்ட எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுப் பின்வளவில் என்னைக் கொண்டுபோய் விட்டது. இரண்டாம் உலக யுத்த காலம், அரிசி ரேஷன் கூப்பனுக்கு அளந்துதான் என்பதால் வளவு முழுக்க மரவள்ளியும் பயற்றங்கொடியும் கீரையும் நெருக்கியடித்து நிற்க, விடிந்ததிலிருந்து கப்பி கிறீச்சிடக் கிணற்றில் அள்ளி எல்லாவற்றுக்கும் ஊற்றியவர் சித்தப்பாவின் மனைவி, பிள்ளையில்லாத என் சின்னம்மா. அவர் ஊற்றியும் காய்க்காதது ஒரு தேசிமரம் மட்டும்தான். காய்க்காத மரத்தை விளக்குமாற்றால் அடித்து ஏசினால் ரோஷம் வந்து காய்க்கும் என்பார்கள். ஞாயிறு தேவாலயப் பூசையால் வந்து முக்காட்டைக்கூடக் கழற்றாமல் அம்மா அடிப்பார். ஈர்க்குகள் விசிறும் சத்தத்தோடு இலை நசிந்து வளவெல்லாம் மணக்கும். அடி மரத்துக்கு, பார்வை கிணற்றடிக்கு.

“குடிக்கிறதுக்கு மட்டும் குறைவில்லை, வேறென்னத்துக்கடி நிக்கிறாய்? வெட்டி எறிஞ்சுபோட்டு வேற ஒண்டு வைப்பம்.”

சின்னம்மா, அம்மா உள்ளே போனதும் அந்த மரத்துக்கும் ஒரு வாளி ஊற்றுவார்.

மழை முடிய, மரம் கொப்பு வளையக் காய்த்தது. முதல் காயைத் தேங்காய்ப்பால் சொதிக்குப் பிழிந்த அன்று, “பாத்தியளே தம்பி, அடிச்சாத்தான் காய்க்குது” என்று அம்மா சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, கிணற்றடியில் நின்ற சின்னம்மாவைப் பார்த்தபடி, “விளக்குமாறு எங்கை அண்ணி?” என்று கேட்டார்.

அம்மா எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்தார்.