விற்க முடியாத ஒரு வருஷம்

சிங்கப்பூரில் காதலைச் சொல்ல மோதிரமெல்லாம் தேவையில்லை; ஜோடியாகக் கேட்டால்தான் அரசாங்க வீடு கிடைக்கும். "வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், பெண் வீட்டில் கல்யாண மண்டபம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். என் கணவரும் என்னை அப்படித்தான் கேட்டார், தேக்காவில் ஒரு கடையில், வாய் நிறையப் பரோட்டாவோடு. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். புக்கிட் பாத்தோக்கில் நாலறை வீடு கிடைத்தது. இருபத்தைந்து வருஷக் கடன். அவ்வளவு காலம் சேர்ந்துதானே கட்டப்போகிறோம் என்று இரண்டு பேரும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

பிரிவது என்று முடிவானபோது நாங்கள் குடிவந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊரார் எதிர்பார்க்கும் காரணம் எதுவும் எங்களிடம் இல்லை. குடி இல்லை, அடி இல்லை, இன்னொருத்தி இல்லை. பேச்சு குறைந்துபோனது, அவ்வளவுதான். "சாப்பிட்டாச்சா", "மழை வருது, துணிய எடு", இதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. ஒருநாள் எரிச்சல் தாங்காமல் நான்தான் சொன்னேன்: "இப்படி இருக்கறதுக்குப் பிரிஞ்சே போயிடலாம்." மனிதர் பதறுவார் என்று நினைத்தேன்.

"உனக்கு அதுதான் நிம்மதின்னா சரி" என்றார்.

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ரோஷம் விடவில்லை.

ஆனால் இங்கே அரசாங்க வீட்டில் ஐந்து வருஷம் குடியிருந்தால்தான் விற்க முடியும். விற்றால்தான் கடன் தீரும், ஆளுக்கொரு பக்கம் போகலாம். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதனால் அவர் ஹாலில் படுத்தார், நான் அறையில் படுத்தேன். தவணை மட்டும் மாதாமாதம் இருவர் கணக்கிலிருந்தும் ஒற்றுமையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் முழுக்க நான் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "போகாத" என்று அவர் சொன்னால் போதும், அப்படியே இருந்துவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

அவர் கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். காதல் தோற்கிற படம் என்றால் மனிதர் உருகிப்போய்விடுவார். அந்த வருஷமும் ஒரு படத்துக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதற்கு இருட்டில் உட்காருவது மேல் என்று பட்டது. படத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள், அவன் வாசலில் மரம் மாதிரி நிற்கிறான். ஓடிப்போய்க் கையைப் பிடிடா மடையா என்று எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் பார்த்தால், இவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "எவனோ ஒருத்தனுக்கு இப்படி அழறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"அது படம்லா. அழுதா முடிஞ்சிடும்" என்றார். பிறகு, "பஸ் வருது, வா" என்று முன்னால் நடந்தார்.

இதற்கு நடுவில் கொரியா வேறு. பிரியும் பேச்சு வருவதற்கு முன்பே, சிராங்கூன் ரோட்டில் ஒரு டூர்காரரிடம் தள்ளுபடி விலையில் டிசம்பர் விடுமுறைக்குப் பணம் கட்டியிருந்தோம். கட்டிய காசு திரும்பாது. நீ போ, நீங்க போங்க என்று இழுத்து, கடைசியில் இரண்டு பேருமே போனோம். இப்படியொரு கூத்தை எங்களைத் தவிர யார் அடிப்பார்கள்!

டூர் முழுக்க நம் தமிழ்க் குடும்பங்கள். போகிற இடமெல்லாம் வழிகாட்டி எங்களை ஜோடியாக நிற்கவைத்துப் படம் எடுத்தார். நாங்களும் நன்றாகவே சிரித்தோம். ஜூரோங்கிலிருந்து வந்த ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டேதான் வர்றேன்மா. ஒரு சத்தம் இல்ல, ஒரு சண்டை இல்ல. நான் எங்க வீட்டுக்காரரக் காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கேன். கண்ணு பட்டுடும், சுத்திப் போட்டுக்கங்க." எனக்கு அந்த அம்மாவைப் பார்த்து வயிறு எரிந்தது. கத்துவதற்கு அவருக்கு ஆள் இருந்தார்.

ஒரு கோயில் வாசலில் பனியில் கால் வழுக்கிவிட்டது. விழப்போனவளை அவர் பிடித்தார். பிடித்த கையை பஸ் வரைக்கும் விடவில்லை. இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லப்போகிறார் என்று நடந்தேன். இருக்கையில் உட்கார்ந்ததும், "கிளவுஸ் நனைஞ்சிருக்கு, கழட்டிடு. சளி பிடிக்கும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்து சில மாதங்களில் ஐந்து வருஷம் முடிந்தது. வீடு விற்க ஒரு தமிழ் ஏஜெண்டைப் பிடித்தோம். பார்க்க வந்தவர்களில் ஒரு சின்ன ஜோடிக்கு வீடு பிடித்துப்போனது. அடுத்த மாதம் கல்யாணமாம். பையன் ஹாலை அளந்துகொண்டிருந்தான். பெண் சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது ராசியான வீடுதானே? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

வாசற்படியில் நின்றிருந்த அவர்தான் பதில் சொன்னார்.

"ராசியான வீடும்மா. என் வாழ்க்கையில நான் சந்தோஷமா இருந்தது இங்கதான்."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. யாரோ ஒரு பெண்ணிடம் சொல்கிறார். நான் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வெள்ளந்தியாகச் சிரித்தாள். "அப்புறம் ஏண்ணே விக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அங்கே யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். அதற்குள் ஏஜெண்டு உள்ளே நுழைந்து, "அவங்க இதவிடப் பெரிய வீடா பாக்கறாங்கம்மா" என்று சிரித்தார்.

அவர் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்த வாரமே கையெழுத்துப் போட்டோம்.