சக்கரம் இறங்காமல் தரையிறங்கிய விமானம்

புத்தூரிலிருந்து தினமும் ரயிலில் ரேணிகுண்டாவுக்குப் போய், விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் ஆவணங்கள் பார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். சேர்ந்த புதிதில் விமானத்தின் அருகில் நிற்பதே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையெல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் அந்த ஆறு இருக்கை விமானம் வந்தது.

மூக்கில் ஒரே ஒரு பிஸ்டன் என்ஜின். ஆனாலும் பெரிய விமானங்களைப் போல, எவ்வளவு உயரம் ஏறினாலும் மூச்சு முட்டாதபடி உள்ளே காற்றழுத்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சித்தூரில் கிரானைட் தொழில் செய்யும் ஒருவர் அதை வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தார். ஏற்கெனவே இரண்டு தேசங்களில், இரண்டு பதிவெண்களோடு பறந்த பழைய விமானம். நம் நாட்டுப் பதிவெண்ணும் கிடைத்து, பக்கவாட்டில் எழுத்துகளை ஒட்டியாகிவிட்டது. பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ்தான் வரவில்லை.

முதல் தேசத்தில் அது ஒருமுறை சக்கரம் இறங்காமலேயே ஓடுபாதையில் இறங்கியிருந்தது. சுழலும் புரொபெல்லர் தரையில் அடித்துவிட்டால், என்ஜினைப் பிரித்து உள்ளே விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். புரொபெல்லரை மாற்றியதாக விமானத்தின் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். என்ஜினைப் பிரித்ததாக எங்கும் இல்லை. பழுது பார்த்த பட்டறைக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினேன். பட்டறையை மூடிவிட்டார்கள் என்று கடைசியில் யாரோ பதில் போட்டார்கள்.

“பறந்துக்கினு தானேம்மா இங்க வந்துச்சி? அப்புறம் காயிதம் எதுக்கு?” என்று உரிமையாளர் போனில் கேட்பார். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி என் குரலே எனக்கு அலுத்துப்போனது.

ஒரு மதியம் அவருடைய மனைவி தனியாகக் காரில் வந்தார். விமானத்தைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் நின்றார்.

“புள்ளைங்களையும் கூட்டிக்கினு இதுல போலாம்ன்றாரு. ஏறலாமாம்மா?”

“தெரியலம்மா.”

“தினிக்கும் பாக்கறவ நீயி. உனுக்கே தெரியலன்னா எப்பிடி?”

“பிரிச்சிப் பாத்தாத்தாம்மா தெரியும்.”

ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை.

அடுத்த வாரம் உரிமையாளரிடமிருந்து போன். “பிரிச்சித் தொலைங்க. வூட்ல என்னால இருக்க முடியல.”

என்ஜினைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் அதற்கும் விரட்ட வேண்டியிருந்தது. முடிவு வந்தது: விரிசல் எதுவும் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அதற்குள் அவருக்கு ஆசை விட்டுப்போயிருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். நம் நாட்டுப் பதிவெண்ணை ரத்து செய்யச் சொல்லி எழுதிப்போட்டதும் நான்தான். ரத்தான பிறகு, ஆள் குறைவாக இருந்ததால், எழுத்துகளைச் சூடுகாட்டி உரித்தவர்களோடு நின்று உரித்ததும் நான்தான். பதிவெண் இல்லாமல் பறந்து போக முடியாது என்பதால், இறக்கைகளைத் தனியாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா போன் செய்தார்.

“ஒண்ணுமில்லியாமே. அன்னிக்கே சொல்லியிருந்தா அவரு ஆசையாச்சும் நடந்திருக்கும்.”

“அன்னிக்கு எனுக்குத் தெரியாதேம்மா.”

“அதுவும் மெய்தான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

புத்தூர் வண்டியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கதவோரம் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனேன்.