கிறவல் பாதையில் ஒரு வருசப் பகை

போன கிழமை வில் என்ற இந்தச் சின்ன நகரத்தின் ஸ்ரேசன் தெருவில் ஒரு சைக்கிள் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே தடித்த பல்லு ரயர் போட்ட புதுவிதச் சைக்கிள் ஒன்று. இருபத்தொரு கியராம். கடைக்காரர் வெளியே வந்து, இது பொடிக்கல்லுப் போட்ட கிறவல் பாதைக்கென்றே செய்தது, தார் றோட்டை விட்டு விலகிக் குன்றுகளுக்குள்ளால் ஓடித் திரியலாம், அது ஒரு தனிச் சந்தோசம் என்று விளக்கினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ என்று கேட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். நன்றி என்பது இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் வசைச் சொல்.

கடைக்குள்ளிருந்து வந்த புது ரப்பர் மணம் மட்டும் கூடவே வந்தது. எனக்கு அது நாலு மணி ரியூசனின் மணம். யாழ்ப்பாணத்தில் பொம்பிளைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் திரிவது உங்களுக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. அண்ணை இரண்டாம் வகுப்போடு நின்று கடலுக்குப் போனவர். படித்து முடித்த முதல் ஆள் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அண்ணை கடலால் வந்து குளித்துவிட்டு, என் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

அதே அண்ணைதான் இங்கே வந்ததும் சைக்கிள் வேண்டாம் என்றார். நாலைந்து வருசத்துக் கதை இது. அதற்குள் பழங்கதை எழுத வந்துவிட்டாள் என்று சிரிக்காதீர்கள், அகதிக்கு வருசங்கள் கெதியாகப் பழசாகிவிடும். அகதிக் கந்தோர்க்காரர் எங்கள் இருவரையும் ஒரு குன்றின் மேல், மூடிக்கிடந்த சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் விட்டிருந்தார்கள். நான் வில் நகரத்தில் ஒரு லோன்றியில் படுக்கை விரிப்புகள் மடித்தேன். அது தற்காலிகம் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். என் கண் ஒரு ஆஸ்பத்திரியின் தாதி உதவியாளர் பயிற்சியில் இருந்தது. வருசத்துக்கு ஒரு தரம்தான் நுழைவுப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் விரிப்பு மடிப்பவள் என்ற பெயர் போய்விடும்.

தார் றோட்டால் சைக்கிளில் வேலைக்குப் போனால் கார்க்காரர் கண்ணாடியை இறக்கிக் கத்துவார்கள். ஒரு தரம் பியர்ப் போத்தல் வந்து முன்னால் உடைந்தது. பொலிஸ் மறித்தால் என் அகதிக் கடதாசியையும், இங்கே சைக்கிளுக்கும் கட்டாயமான தகர நம்பர்த் தட்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், இரண்டில் ஒன்றாவது களவாக இருக்கத்தான் வேண்டும் என்பதுபோல. ஆகவே தோட்டங்களுக்குள்ளால் இறங்கும் கிறவல் பாதையைப் பிடித்தேன். சந்தோசத்துக்கு அல்ல.

“காட்டுக்குள்ளால தனியச் சைக்கிள் ஓடப்போறியோ? ஆரும் மறிச்சு அடிச்சா நான் எந்த மொழியில போய்ச் சொல்லுறது?” என்றார் அண்ணை.

“நான் சொல்லுவன். எனக்கு மொழி தெரியும்.”

அவர் போய்ப் பம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

அழகான பாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. குன்றுக்குப் பின்னால் குன்று, சரிவெல்லாம் அப்பிள் மரங்கள், காலையில் பள்ளங்களில் பால்போல மூட்டம். ஆனால் நான் பிறந்த ஊரில் மேடு என்றால் குளத்துக் கட்டு. இறக்கத்தில் சைக்கிள் ஓடுவது எப்படி என்று எந்த ரியூசனிலும் சொல்லித் தரவில்லை. அதோடு இன்னொரு விசயம். ஊரில் சிநேகிதிகளோடு கதைத்துக்கொண்டு போகும்போது பெடலைச் சும்மா பின்னுக்குச் சுற்றுவோம். கிர்ரென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே பழைய சாமான் கடையில் அண்ணை வாங்கித் தந்த சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிறேக். தார் றோட்டில் அதைப் பழகியிருந்தும், கிறவலில் முதல் நாளே ஒரு மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால், நல்ல இறக்கத்தில், பழக்கதோசத்தில் பின்னுக்குச் சுற்றினேன். சில்லு இறுகி, கிறவலில் சறுக்கி, இரண்டு முழங்காலும் தேய விழுந்தேன்.

கொட்டில் வாசலில் பண்ணைக்காரர் முள்ளுக்கரண்டிபோன்ற வைக்கோல் தடியோடு நின்றார். ஐம்பது வயசிருக்கும். தூக்கிவிட வரவில்லை. சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, பாதையோரத்து வட்டப் பலகையைக் காட்டி, இது தடைசெய்த பாதை, திரும்பிப் போ என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அந்தப் பலகைக்கு முன்னால் நின்று நன்றாகப் பார்த்தேன். அதில் ஒரு காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் கீறியிருந்தன. வேறொன்றும் இல்லை. அடுத்த நாள் கொட்டிலடியில் இறங்கி, இரவு முழுக்கப் பாடமாக்கிய ஜெர்மனில் கேட்டேன்: “பலகையில் கார் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. என் சைக்கிள் எங்கே?” அவர் தங்கள் பேச்சுமொழியில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கிய ஒரே சொல் தமிழர். பிறகு காறித் துப்பினார்.

அன்றிலிருந்து நான் வரும் நேரம் பார்த்துத்தான் புல்லுக்குச் சாணித்தண்ணி இறைப்பார். அந்த நாற்றம் தலைமயிருக்குள் போய் மத்தியானம் வரை நிற்கும். லோன்றியில் வெள்ளை விரிப்புக்குக் கிட்டப் போகாதே என்று என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பாதையை மாற்றவில்லை.

பரீட்சை ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு. சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸே ஒன்பதுக்குத்தான். ஏழு மணிக்கு முன்னரே வெளிக்கிட்டேன். கொட்டிலடிக்கு வந்தால், பாதைக்குக் குறுக்கே சாண வண்டில். ஒரு பக்கம் கொட்டில் சுவர், மறுபக்கம் மாட்டு வேலியின் கரண்ட் கம்பி. வண்டிலில் சாய்ந்துகொண்டு அவர் கோப்பி குடித்தார்.

இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. நான் கெஞ்சினேன். தயவுசெய்து என்று இரண்டு தரம் சொன்னேன், எட்டு மணிக்குப் பரீட்சை என்றேன்.

“பரீட்சையோ? உனக்கோ?” என்றார். பகிடி விடவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பவும் குன்றேறி, தார் றோட்டால் சுற்றி, நான் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. வாசலில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார், அடுத்த வருசம் வாருங்கள் என்று. வீட்டில் அண்ணை கத்தியைத் தேடினார். நான் பேனையைத் தேடினேன். இங்கத்தைய ஊர்ச்சபைக் கந்தோருக்கு நான் எழுதிய முதல் ஜெர்மன் கடிதம் அது. இரண்டு கிழமையில் பதில் வந்தது: குறித்த பாதையில் சைக்கிள் ஓட அனுமதியுண்டு, மறிப்பதற்கு ஒருவருக்கும் உரிமையில்லை. அண்ணை அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

அடுத்த பரீட்சை வரை ஒரு வருசம் அந்தப் பாதையில் ஓடினேன். வேலையில்லாத நாளிலும் ஓடினேன், மழையிலும் பனிச்சேற்றிலும் ஓடினேன். கொட்டில் வாசலில் இரண்டு தரம் மணியடிப்பேன். அவர் வெளியே வந்து முறைப்பார். நானும் முறைப்பேன். ஒரு நாள் அவர் வரவில்லை என்றால் எனக்குக் காலைச் சாப்பாடு செமிக்காது. அந்த வருசம் பரீட்சைக்கு ஏழு மணிக்கே போய் வாசலில் குந்தியிருந்தேன். சித்தியடைந்தேன். இன்று வெள்ளை உடுப்புப் போடுகிறேன், விரிப்பை வேறு ஆட்கள் மடிக்கிறார்கள்.

நேற்று ஞாயிறு. அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன். துண்டு துண்டாகக் கிடந்த காணிகளை ஒன்றாக்கிப் பெரிதாக்கிவிட்டார்கள். அப்பிள் மரங்கள் இல்லை. நான் விழுந்த இறக்கத்தை வெட்டிச் சமமாக்கி, நேர்கோடாகத் தார் போட்டிருக்கிறார்கள். புது றோட்டு கொட்டிலைத் தொடாமலே போகிறது. வட்டப் பலகை நின்ற இடத்தில் சோளம்.

அவர் றோட்டோரமாக நாயோடு நடந்து வந்தார். நாலு வருசமாக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த வசனங்கள், ஒரு பிழையில்லாத ஜெர்மனில், தொண்டை வரை வந்து நின்றன. அவர் நாயை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து எனக்கு வழி விட்டார். ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்படும் எவருக்கும் இவர்கள் சொல்வதுபோல, தலையாட்டி வணக்கம் சொன்னார். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

நான் பதில் வணக்கம் சொல்லவில்லை. கிறவலையும் அந்தப் பகையையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.