'ம'வில் நின்றுவிட்ட விரல்

என் கடைக்குள் நுழைந்து, ஹார்மோனியத்தில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திவிட்டு, டிராம் வந்ததும் ஓடினீரே, உம்மைத்தான் சொல்கிறேன். முடிந்த வியாபாரத்தைக் கெடுத்தவர் நீர்.

பழைய ஹார்மோனியம் விற்கிறவன் யாரையும் "தொடாதே" என்று சொல்ல முடியாது. தொட்டுப் பார்க்காமல் எவன் வாங்குவான்? கடை வைத்துக் கஷ்டப்படும் அன்பர்களுக்கு இது புரியும். எனக்குப் படிப்பு கிடையாது. பேரம்தான் பள்ளிக்கூடம், அங்கே வாங்கிய அடியும் கொஞ்சமல்ல. அடையாற்றில் ஒரு துரை சீமைக்குப் புறப்பட்டபோது, கையிலிருந்த பணத்தையெல்லாம் கொட்டி காலால் மிதித்து வாசிக்கும் அவருடைய ஹார்மோனியத்தை வாங்கி, லஸ் முனையில் என் கடையில் நிறுத்தினேன். அது விற்றால் கடை உண்டு. விற்காவிட்டால் நான் நடுத்தெருவில்.

மாமியின் காது

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் தம் பெண்ணுக்காக அதை வாங்க வந்தார், மனைவியோடு. அரை நாள் பேரம். கத்தினேன், கும்பிட்டேன், பெட்டியை மூடிப் பூட்டக்கூடப் போனேன். ஒருவழியாக விலை படிந்தது. முன்பணம் எடுக்க அவர் மடியில் கை வைத்த சமயம், நீர் மழைக்கு ஒதுங்கினீர். சும்மா ஒதுங்கினீரா? உட்கார்ந்து, மிதித்து, ச, ம, ப மூன்றையும் ஒன்றாக அழுத்தினீர். அந்த ஓசை உத்தரத்தில் போய்த் தொங்கிற்று. டிராம் மணி கேட்டது, உம்மைக் காணோம்.

மாமி வக்கீலைப் பார்த்துச் சொன்னாள்: "ஏன்னா, இதுக்குள்ள ஏதோ சிக்கிண்டிருக்கு. எனக்கு நெஞ்சை அடைக்கறது. நம்மாத்துக்கு வேண்டாம்."

தூக்கிய கால்

பெட்டியைப் பிரித்து, ஓசை எழுப்பும் பித்தளைத் தகடுகளை, ரீடு ரீடாகத் துடைத்தேன். பழுது ஒன்றும் இல்லை. சாந்தோம் பக்கம் மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் அந்தோணியை இழுத்து வந்தேன். நீர் அழுத்தியதையே அவனும் அழுத்தினான், மறுபடி தொங்கிற்று. பிறகு 'ம'வில் இருந்த விரலை மட்டும் 'க'வுக்கு இறக்கினான். அடடா, வெயிலில் நடந்து வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது!

வெள்ளைக்காரர் சங்கீதத்தில் ச, க, ப சேர்ந்தால் அது அமர்ந்த ஓசையாம். 'க'வை எடுத்துவிட்டு அங்கே 'ம'வை வைத்தால் தொங்கும். காது 'க'வுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். 'ரி'யை வைத்தாலும் அதே கதைதான். 'ரி'யிலிருந்து ஏற வேண்டும், 'ம'விலிருந்து இறங்க வேண்டும், அவ்வளவே. வேண்டுமென்றே தொங்கவிட்டு இறக்குவதில்தான் சுகமாம்.

"அப்போ கோளாறு எதில்தான்டா?" என்று சீறினேன்.

அந்தோணி சிரித்தான். "பொட்டி நல்லாத்தான் கீது நைனா. வாசிச்ச ஆளுதான் ஒத்தைக் காலைத் தூக்கிக்கினே பூட்டான்."

தாசில்தாரின் கண்டுபிடிப்பு

அதற்குள் மாமியின் பேச்சு தெப்பக்குளத்தைச் சுற்றி மாம்பலம் வரை போய்விட்டது. எந்த மூன்று கட்டை என்பதுகூடப் பரவிவிட்டது. வருகிறவனெல்லாம் ச, ம, ப அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். தியாகராய நகரில் புதுவீடு கட்டியிருந்த ஓய்வுபெற்ற தாசில்தாரும் அழுத்தினார். நமக்குத்தான் வித்தை தெரிந்துவிட்டதே என்று, கையை நீட்டி 'ம'வை 'க'வுக்கு இறக்கிக் காட்டினேன். "கேட்டீர்களா? சுத்தமாக இருக்கிறது" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஓஹோ! ரிப்பேரை மறைக்க எங்கே விரல் வைக்கணும்னு நல்லாப் பழகி வச்சிருக்கீரே!"

விற்கிறவன் இறக்கினால் அது தந்திரம் என்கிறார்கள். ஆகையால் தூக்கிவிட்டுப் போன நீரே வந்து, வக்கீல் வீட்டு மாமியின் காதில் விழும்படி அந்த விரலை 'க'வில் இறக்கிவிட்டு, அப்புறம் அடுத்த டிராமைப் பிடியும்.